மொழிமாற்றுப் படங்களில் நகை: வாழவந்தி நாட்டினின்று ஓர் ஆராய்ச்சி

மொழிபெயர்ப்பு தமிழர்க்குப் புதிய தொழிலன்று. வழிநூலை வகைப்படுத்திய தொல்காப்பியர், தொகுத்தலோடும் விரித்தலோடும் ஒருங்கு வைத்து மொழிபெயர்த்தலையும் அவ்வகையுள் ஒன்றாக எண்ணினார். அவர் எண்ணியது நூலின் மொழிபெயர்ப்பு. ஏட்டில் இருப்பதை ஏட்டில் எழுதுவது. பேசுவோன் வாய் ஒரு மொழிக்கு அசைய, கேட்போன் செவியில் வேறொரு மொழி விழும் மொழிபெயர்ப்பு சென்ற நூற்றாண்டிற்றான் தோன்றிற்று. மக்கள் அதனை 'டப்பிங்' என்பர். மொழிமாற்றுப் படம் என்றும் வழங்குவர். இம்முறையால் தமிழுக்கு வந்த அயல்நாட்டு நகைச்சுவை வந்த வழியில் என்ன ஆயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

அழுகை ஓரளவு தானே கடல் கடக்கும். மகவை இழந்த தாயின் முகத்தைத் திரையிற் கண்டார்க்கு அவள் பேசும் மொழி தெரிய வேண்டுவதில்லை. நகையோ பெரும்பாலும் ஊரைப் பற்றியது. யார் யாரை எள்ளலாம், எவ்வளவு எள்ளலாம், எச்சொல் அவையிற் கூறத் தகாதது, எப்பெயரைக் கேட்டவுடன் உதடு விரியும் என்பனவெல்லாம் ஒரு சமுதாயம் எழுதாமலே தன்னுள் வைத்திருக்கும் உடன்பாடுகள். அவ்வுடன்பாட்டுக்குப் புறத்தே நிற்பவன் நகையான். ஆதலின் நகைச்சுவையை மொழிமாற்றுவோனுக்குச் சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. உடன்பாட்டையே புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு அமைக்கும்போது யாரை எள்ளற்பொருளாக வைக்கிறான் என்பதே என் வினா.

இவ்வினாவுக்குக் கொல்லிமலை வாழவந்தி நாட்டைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியினின்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் மலையின்மேல், நாடு என்று பெயர் பெற்ற ஊர்த்தொகுதிகள் பல உள. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்பனபோல வாழவந்தி நாடும் ஒன்று. இங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் என்பதும், அவருள் இளையோன் வழியினரே கொல்லியில் தங்கினர் என்பதும் அவர்தம் மரபுரை. அவர் பேசுவது தமிழே. ஆயினும் அது சென்னைத் தமிழும் அன்று. அடிவாரத்துக் கொங்குத் தமிழும் முழுதும் அன்று. சென்னையிற் குரல் சேர்க்கப்பட்டுத் தமிழர் அனைவர்க்கும் என்று விடப்படும் ஒரு படத்தின் தையல் எவ்விடத்திற் பிரிகிறது என்பதை, சென்னையில் இருந்து பார்ப்பாரினும் இம்மலையில் இருந்து பார்ப்பார் நன்கு அறிவர். 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் மலைவீடுகளுக்கும் அப்பெட்டியைக் கொண்டு சேர்த்தது. அதன்பின் இங்குள்ள சிறுவர்க்கு ஜாக்கி சானும் டோராவும் தமிழ் பேசுவோராகவே அறிமுகமாயினர்.

கொல்லி என்றவுடன் சங்கப் பாடல் பயின்றார்க்குப் பாவை நினைவில் எழும். அப்பாவை நகைத்தே பகைவரை மயக்கிக் கொல்லும் என்பது பிற்கால வழக்கு. நகைக்கும் கேட்டுக்கும் உள்ள உறவு இம்மலைக்குப் பழையது போலும்.

முன்னோடிகள்

அயல்நாட்டு நகையைத் தமிழாக்கிய முயற்சி திரைப்படத்துக்கு முன்பே உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும், சிம்பலினைச் சிம்ஹளநாதன் என்றும் ஆக்கினார். அயற்பெயரின் ஓசை நிழலாட, தமிழ் மேடைக்கு ஒத்த பெயராகவும் அது நிற்பதைக் காண்க. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ஸ்காப்பன் என்னும் சூழ்ச்சிக்கார ஏவலன் அவர் கையிற் காளப்பன் ஆனான். நாடகம் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆயிற்று. இங்கு மாறியது பெயர் மட்டுமன்று. உடை, வீடு, உறவுமுறை, தலைவன் ஏவலனை விளிக்கும் முறை ஆகிய அனைத்தும் மாறின. அவனைக் கண்டு நகைத்தவர் தம்மூர் ஏவலனைக் கண்டே நகைத்தனர். பிரான்சு நாட்டை அவர் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

மௌனப் படக் காலத்தில் திரையருகே நின்று கதை விளக்கும் உரையாளர் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் இருந்தனர். அயல்நாட்டுப் படத்தின் கதையையும் எழுத்தையும் தம்மூர்ப் பேச்சிற் கூறியவர் அவர். அவரை மொழிமாற்றுக் கலைஞரின் முன்னோர் எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. அவர் திரைக்குப் புறத்தே நின்றார். படத்தில் உள்ளவன் வேறு, பேசுபவன் வேறு என்பது அவையோர்க்குக் கண்கூடு. இன்றைய குரலோ படத்தில் உள்ளவன் வாய்க்குள்ளேயே புகுந்துகொள்கிறது.

பேசும்படத்துக்கு மாற்றுக்குரல் சேர்க்கும் முறை 1944-இல் தமிழுக்கு வந்தது. 1943-இல் வெளிவந்த கன்னட அரிச்சந்திரன் படத்தை ஏ. வி. மெய்யப்பன் தமிழ் பேசச் செய்து வெளியிட்டார். இந்திய மொழி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இங்ஙனம் மாற்றப்பட்ட முதற்படம் அதுவே என்பர். பொய்யா மன்னன் கதை இருமொழியார்க்கும் பொதுவாதலின், உடன்பாட்டை மாற்ற வேண்டிய இடர் அப்படத்துக்கு நேரவில்லை.

தழுவற்படம் வேறு, மொழிமாற்றுப் படம் வேறு என்பதையும் இங்கே பிரித்துணர்தல் வேண்டும். 1993-இல் வந்த மிசஸ் டவுட்ஃபயர் என்னும் ஆங்கிலப் படத்தின் கருவைக் கொண்டு 1996-இல் அவ்வை சண்முகி தோன்றிற்று. கிரேசி மோகன் உரையாடலில், செவிலிக் கிழவி வேடம் தமிழ் மாமியாயிற்று. புடவைக் கட்டும் பேச்சும் நடையும் ஒருங்கே மாறின. காளப்பன் சென்ற வழியே சண்முகியும் சென்றாள். மொழிமாற்றுப் படத்துக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. உடல் அயலதாகவே நிற்க, பேச்சு மட்டும் நம்மதாக வேண்டும். பின்வரும் சிக்கல்கள் யாவும் இதனின்று கிளைப்பனவே.

இதழும் மாத்திரையும்

மொழிமாற்று உரையாடல் எழுதுவோர் தம்மை அறியாமலே தொல்காப்பியப் பிறப்பியலைப் பயில்கின்றனர். பகர மகரங்கள் இரு இதழும் பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் இதழும் இயையப் பிறப்பது. அகர ஆகாரங்களுக்கு வாய் திறக்கும். உகரம், ஒகரம் முதலியவற்றுக்கு இதழ் குவியும். நடிகன் முகம் திரை நிறையத் தோன்றும்போது அவன் இதழ் மூடினால், அவ்விடத்தில் தமிழிலும் ஒரு பகரமோ மகரமோ வந்தாக வேண்டும். இல்லையேல் கண் ஒன்று சொல்லச் செவி ஒன்று சொல்லும். துயரக் காட்சியில் இப்பொருத்தமின்மையை மக்கள் பொறுப்பர். நகைக்காட்சியிலோ, நகைக்கவேண்டிய செய்தியை விட்டுவிட்டு வாயின் பொருத்தமின்மையையே கண்டு நகைத்துவிடுவர்.

இதழினும் பெரிய தடை மாத்திரை. 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்று எழுதினால் ஏறத்தாழப் பன்னிரண்டு மாத்திரை செல்லும். ஆங்கிலத்தில் இதே வினாவை வினவும் வாய் அதற்குள் மூடி, மற்றவன் விடையும் தொடங்கிவிடும். 'என்ன பண்றே' என்றால் ஆறு மாத்திரை; பாதி. தமிழ் எழுத்துவழக்கு வினையின் பின் ஒட்டுகளை அடுக்கி நீள்வது. பேச்சுவழக்கு அவ்வொட்டுகளை உருக்கிக் குறுக்குவது. ஆகவே மொழிமாற்றுவோன் பேச்சுவழக்கை விரும்பி எடுக்கிறான் என்பதினும், படத்தின் காலவளவு அவனை அதனிடம் தள்ளுகிறது என்பதே பொருந்தும்.

சொற்கிடக்கையும் ஒரு தடையே. ஆங்கில நகைத்தொடர் பெரும்பாலும் வியப்பூட்டும் பெயரைக் கடைசியில் வைக்கும். தமிழ்த்தொடர் வினையைக் கடைசியில் வைப்பது. வியப்புச்சொல் நடுவில் வந்துவிட, அவையோர் நகைக்கத் தொடங்கியபின் வினைமுற்று வெறுமனே எஞ்சும். இதற்கும் பேச்சுவழக்கே துணை. 'பெரிய வீரர் வந்துவிட்டார்' என்பதை 'வந்துட்டாரு, பெரிய வீரரு' என்று புரட்டும் உரிமை பேச்சுக்கு உண்டு. எழுத்துநடையிலும் செய்யுளிலும் இத்தகைய முறைமாற்று உண்டாயினும், ஏளனத்துக்கு ஏற்ற துள்ளல் பேச்சிற்கே உரியது.

எவ்வூர்ப் பேச்சு?

இங்ஙனம் காலமும் சொற்கிடக்கையும் பேச்சுவழக்கை வேண்டிநிற்க, அடுத்த வினா எழுகிறது: எவ்வூர்ப் பேச்சு? எழுத்துத்தமிழ்க்கு ஊர் இல்லை. பேச்சுத்தமிழோ வாய் திறந்த மாத்திரத்தில் ஊரையும், பலகாலும் குலத்தையும், கல்வியையும், கைத்தொழிலையும் காட்டிவிடும். கற்றோர் பேசும் பொதுப்பேச்சு ஒன்று உண்டெனினும், அது நகைக்குப் போதாத அளவு வெளிறியது என்பது படம் எழுதுவோர் எண்ணம். ஆகவே தலைவனுக்குப் பொதுப்பேச்சும், நகைப்புக்குரியவனுக்கு வட்டாரப் பேச்சும் என்று ஒரு பங்கீடு நிகழ்கிறது.

அவ்வட்டாரப் பேச்சுகளுள் முதலிடம் சென்னைத் தமிழுக்கு. துறைமுகப்பட்டினத்தில் பலமொழியார் கூடி வாழ்ந்ததன் பயன் அது. கஸ்மாலம் வடமொழி வழியது, பேமானி உருதுவழியது, நைனா தெலுங்குவழியது. வரலாற்றறிஞர்க்கு இப்பேச்சு ஒரு செல்வம். திரையிலோ, 1972-இல் வந்த காசேதான் கடவுளடா படத்தில் தேங்காய் சீனிவாசன் பேசியதுபோல, வாய் திறந்தாலே நகை என்னும் நிலையை அது நெடுங்காலத்துக்கு முன்பே எய்திவிட்டது. அதற்கடுத்தன மதுரைப் பேச்சும் கொங்குப் பேச்சும். வடிவேலு, கவுண்டமணி ஆகியோர் நாவில் அவை பெற்ற புகழ் மொழிமாற்றுவோர்க்கு ஆயத்தமான கருவூலம். அயல்நாட்டு நடிகன் ஒருவன் தடுமாறி விழுந்தெழும்போது வடிவேலுவின் சொற்றொடர் ஒன்றை அவன் வாயில் வைத்துவிட்டால், அவையோர் முன்பு நகைத்த நகையே மீண்டும் நகைக்கப்படும். இஃது எளிய வழி. ஆனால் நகை யாருடையது? படத்தினுடையது அன்று. நினைவினுடையது.

நகையின் நான்கு களங்கள்

மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்கள் நான்காகக் கூறப்படும். எள்ளல் ஒன்று; இளமை ஒன்று; பேதைமையும் மடனும் ஏனை இரண்டு. பேதைமையை அறிவின்மை என்றும், மடனைக் கொளுத்தக் கொண்டதை விடாமை என்றும் உரைகாரர் வேறுபடுத்துவர். இப்பகுப்பு மொழிமாற்றுப் படத்துக்கு இத்துணைப் பொருந்தும் என்று யான் முதலில் எண்ணவில்லை. படங்களை அடுத்தடுத்துக் கண்டபோது அதுவே தெளிந்த அளவுகோலாயிற்று.

இளமையால் வரும் நகைக்கு மொழிமாற்றம் தீங்கு செய்வதில்லை. 1994-இல் வந்த பேபிஸ் டே அவுட் தன் தாயகத்திற் பொருளீட்டவில்லை. இந்தியாவில் பெருவரவேற்புப் பெற்றது. 1995-இல் தெலுங்கிற் சிசிந்திரி என்று தழுவவும் பட்டது. தவழும் குழவி கள்வர் மூவரை அலைக்கழிக்கும் கதை அது. குழவியின் தவழ்ச்சிக்கு மாத்திரை ஏது? பேதைமையும் பெரும்பாலும் உடலில் வெளிப்படுவதாதலின் தப்பிவிடுகிறது. ஜாக்கி சான் ஏணியை ஆயுதமாகத் தூக்கி, அதனுள்ளேயே தலை மாட்டிக்கொள்ளும்போது அவர் எம்மொழி பேசினால் என்ன? அவர் படங்கள் தமிழகச் சிற்றூர்களிலும் வேரூன்றியமைக்கு மொழிமாற்றத்தின் திறம் சிறுகாரணம். மொழியை வேண்டாத அவர் உடலே பெருங்காரணம்.

மடன் நடுநிலையது. ஒருவன் தான் பற்றிய தவறான கருத்தை விடாது பற்றி நிற்பதைக் காட்டும் நகைக்கு உரையாடல் தேவை. ஆயினும் கருத்து எளிதாயின் அது கடந்துவரும்.

எள்ளலே கடவாதது. எள்ளலுக்கு எள்ளப்படுவோன் யார் என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தி லயன் கிங் தமிழ் வடிவம் இதற்கு நல்ல சான்று. அதில் சாசு என்னும் பறவை அரசனுக்கு அமைச்சன். 1994-ஆம் ஆண்டுப் படத்தில் ரோவன் அட்கின்சனும், 2019-இல் ஜான் ஆலிவரும் அதற்குக் குரல் தந்தனர், இருவரும் ஆங்கிலேயர். அமெரிக்கர் எடுத்த படத்தில் ஆங்கிலேயக் குரல், அரண்மனை முறைமையைப் பற்றிய ஒரு கேலி. பழைய ஆட்சியாளரின் விறைப்பை முன்னாட் குடியேற்ற நாட்டார் எள்ளும் எள்ளல் அது. தமிழ் வடிவிற் குரல் தந்தவர் காலஞ்சென்ற மனோபாலா. அவருடைய மெலிந்த, பதைபதைக்கும் குரலில் ஆங்கிலேயன் மறைந்தான்; ஓயாது அஞ்சும் ஓர் எளிய மனிதன் வந்து நின்றான். எள்ளல் பேதைமையாயிற்று. இம்மாற்றத்தைக் குறையென்று கூறேன். எள்ளுதற்குரியவன் இல்லாத இடத்தில் வேறு களத்துக்கு நகையை மாற்றியமை நல்ல மொழிபெயர்ப்பே.

அதே படத்தில் பும்பா என்னும் காட்டுப்பன்றிக்கு ரோபோ சங்கரும், டிமோன் என்னும் கீரிக்குச் சிங்கம்புலியும் குரல் தந்தனர். மூலத்தில் இவ்விருவரும் காட்டின் ஓரத்தில் கவலையற்று வாழும் நண்பர். அவர்க்குள் உயர்வு தாழ்வு சிறிதே. தமிழ் அவைக்கோ இருவர் கூடி நகையாடினால் கவுண்டமணியும் செந்திலும் நினைவுக்கு வராமல் இரார். ஒருவர் அடிப்பவர், ஒருவர் அடிபடுபவர் என்னும் அச்சட்டம் முன்னதாகவே நம் செவியில் உள்ளது. அயல்நாட்டு நட்பின் கதை, தமிழிற் கேட்கப்படும்போது ஓரளவு அண்ணன் தம்பி அதட்டலின் கதையாகச் சாய்ந்துவிடுகிறது.

இச்சாய்வுக்கு இலக்கணக் காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் நீ என்பதா, நீங்கள் என்பதா, டா சேர்ப்பதா, ங்க சேர்ப்பதா என்று ஒவ்வொரு தொடரிலும் முடிவுசெய்தாக வேண்டும். மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு, மொழிமாற்றுவோன் விரும்பினும் விரும்பாவிடினும், தமிழில் வந்துவிடும். இதனாற் பெறும் ஆக்கமும் உண்டு. அதட்டிப் பேசியவன் எதிரியின் வலிமை தெரிந்தவுடன் 'வாடா' என்பதை விழுங்கி 'வாங்க' என்று முடிப்பதால் எழும் நகை மூலத்துக்கு வாய்க்காதது. தமிழ் தானே ஈன்றது. மாமன், மச்சான், சித்தப்பா என்னும் முறைப்பெயர்களும் அத்தகையன. இவற்றைத் திறம்படக் கையாளும் மொழிமாற்று, மூலத்தினும் ஒரு படி உயர்ந்து நிற்றலும் கூடும்.

தானும் பிறரும்

பேராசிரியர் எள்ளலை இருகூறாக்குவர்: தான் பிறரை எள்ளி நகுதலும், தான் பிறரால் எள்ளப்பட்டவழி நகுதலும். மொழிமாற்றுப் படத்தின் நோய் எங்கே உள்ளது என்பதை இவ்விருகூறு காட்டும் என்பது என் துணிபு.

வட்டாரப் பேச்சால் நகையூட்டுவது தவறா என்று வினவலாம். தவறன்று. வடிவேலு மதுரைப் பேச்சிற் பேசி நகையூட்டும்போது, அப்பேச்சு அவருடையது. அடிபடும் உடலும் அவருடையது. அவர் தம்மையே எள்ளுகிறார். அப்பேச்சினர் அவரோடு சேர்ந்து நகைக்கின்றனர். நகையின் இறுதியில் அவர்பால் அன்பே எஞ்சுகிறது. பேச்சும் உடலும் வாழ்வும் ஒருவனிடத்தே கூடியிருத்தலால், எள்ளல் ஒரு முழுமனிதனைச் சுற்றி வருகிறது. மொழிமாற்றுப் படத்தில் உடல் அமெரிக்கனுடையது அல்லது சீனனுடையது; வாழ்வும் அவனுடையது. நம்முடையதாக அங்கே இருப்பது பேச்சு மட்டுமே. எனவே நகைக்கப்படுவதும் பேச்சு மட்டுமே. 'தான்' என்று முன்வந்து நிற்க ஒருவரும் இல்லாத எள்ளல் அது. குப்பத்தான் பேச்சைப் பேசும் அமெரிக்கத் திருடனைக் கண்டு நகைக்குங்கால், திருடன் நகைக்கப்படவில்லை. குப்பத்தானே நகைக்கப்படுகிறான், அவன் அங்கே இல்லாமலே.

குரல் தன் வரலாற்றைத் தன்னோடு கொண்டுவரும் என்பதை இன்னொரு நிகழ்ச்சியும் உணர்த்தும். 2019-இல் வந்த அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் தமிழ் வடிவுக்கு ஏ. ஆர். முருகதாஸ் உரையாடல் எழுத, விஜய் சேதுபதி அயர்ன் மேனுக்குக் குரல் தந்தார். ரசிகர் பலர் குறைகூறினர். புகழ்பெற்ற நடிகரின் குரலை ஏன் மக்கள் ஏற்கவில்லை? டோனி ஸ்டார்க் செல்வத்தாலும் அறிவாலும் செருக்கியவன். அவன் நகை மேலிருந்து கீழ்நோக்கும் எள்ளல். விஜய் சேதுபதியின் குரலோ எளிய மாந்தர் பலரின் வேடங்களைத் தாங்கிப் பழகியது. குரலின் வாழ்வும் உடலின் வாழ்வும் முரணின. நடிகர் திறம் குறைந்தது என்பதற்கு இடமில்லை.

மலைமேற் கேட்டது

வாழவந்தி நாட்டு வீடொன்றில் முதியோரும் சிறுவருமாகப் பதின்மரோடு அமர்ந்து தி லயன் கிங் தமிழ் வடிவத்தைக் கண்டேன். காட்டுப்பன்றி திரையில் தோன்றியவுடன் முதியோர் நகைத்தனர். அது வாய் திறக்குமுன்னரே நகைத்தனர். மரவள்ளிக் கிழங்கு பயிரிடுவார்க்குக் காட்டுப்பன்றி விளையாட்டுப் பொருளன்று. இராக்காவலுக்குக் காரணமான பகை. அது கிழங்கை விட்டுவிட்டுப் புழுவைத் தின்று சிங்கக்குட்டியை வளர்ப்பது அவர்க்குப் பெருநகையாயிற்று. இப்படி ஒரு பன்றி நம் காட்டுக்கு வந்தால் ஆகாதா என்றார் ஒரு பெரியவர். இந்நகையை மூலம் எண்ணியதும் இல்லை. மொழிமாற்றுவோர் எண்ணியதும் இல்லை. பின்னர்த் திரைப்படங்களை நினைவூட்டும் பேச்சு வந்தபோது சிறுவர் மட்டும் நகைத்தனர். முதியோர் அவரைப் பார்த்தனர். ஒரே அறையில் இருவேறு படங்கள் ஓடின எனலாம்.

சிறுவர் எவ்வாறு நகைக்கக் கற்றனர் என்பதே கருதத்தக்கது. சென்னைத் தமிழ் அவர் ஊரில் வழங்குவதன்று. அதனைப் பேசுவாரை அவர் நேரிற் கண்டதும் அரிது. ஆயினும் அப்பேச்சு நகைக்கத்தக்கது என்பதைப் படம் அவர்க்குக் கற்பித்துவிட்டது. எது பேச்சு, எது நகைப்பேச்சு என்னும் பிரிவினையை ஏற்றவர், அப்பிரிவினையில் தம் பேச்சு எப்பக்கம் விழும் என்பதையும் விரைவில் அறிவர். வாழவந்தி நாட்டினின்று சமவெளிக் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர் முதலாண்டு முழுவதும் வகுப்பில் வினாவுக்கு விடை எழுதித் தருவாரேயன்றி வாய்விட்டுக் கூறார். காரணம் கேட்டபோது, தாம் பேசினால் டப்பிங் படத்தில் வருபவனைப்போல் இருக்கிறது என்று உடன் பயில்வோர் நகைக்கின்றனர் என்றார். அவ்வுவமையைக் கவனிக்க. அவருடைய மலைவழக்கை எந்த மொழிமாற்றுப் படமும் எடுத்தாண்டதாக யான் அறிந்ததில்லை. எனினும் பொதுப்பேச்சினின்று விலகிய எப்பேச்சும் 'டப்பிங் பேச்சு' என்று கருதும் பழக்கம் உடன் பயில்வோர் செவியில் ஏறியிருக்கிறது. மூவேந்தர் காலத்தினின்று பாட்டிற் பயின்ற ஒரு மலையின் தமிழ், தமிழ் வகுப்பில் வாய் மூடியிருந்தது.

மலையாளி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சமவெளியார்க்கு அது கேரளத்தாரைக் குறிக்கும். நம் திரைநகையில் அப்பொருளில் அது பலகால் ஏளனத்துக்கு ஆளாவது. வாழவந்தி நாட்டில் அது தன்னைச் சுட்டும் பெயர். மொழிமாற்றுவோன் ஓர் அயல்நாட்டு இனக்கேலிக்கு ஈடாக இச்சொல்லை வைத்தால், மலைமேல் அது வந்து தைக்கும் இடம் வேறு. எழுதியவன் மேல் குற்றமில்லை; அவன் கேட்போனை நினைக்கவில்லை, அவ்வளவே.

எள்ளலை விட்டால் நகைக்கு வேறு வழி இல்லையோ எனின், உண்டு. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி ஒளிபரப்பிய டோராவின் பயணங்கள் பெருந்திறமான இலக்கியமன்று. ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஒரு பொருட்டாகவும் எண்ணார். அதனைத் தமிழாக்கியவர் செய்த பெயர்மாற்றம் மட்டும் பம்மலாரின் வழியது. பூட்ஸ் என்னும் குரங்கு புஜ்ஜியாயிற்று. இருபெயர்க்கும் முதலில் இதழ் பொருந்தும் ஒரே ஒலி. வாயசைவும் பிழைக்கவில்லை, பெயரும் செல்லப்பெயர் ஆயிற்று. ஸ்வைப்பர் என்னும் திருட்டு விலங்கு குள்ளநரி ஆயிற்று. அப்பெயரைச் சொன்ன அளவில், பாட்டி சுட்ட வடையைக் காக்கையிடமிருந்து பறித்த நரி முதலாகத் தமிழ்க் குழந்தை கேட்ட நரிக்கதைகள் யாவும் உடன்வந்து நின்றன. எவ்வூர்ப் பேச்சையும் அவ்விலங்கின் வாயில் வைக்க வேண்டியிருக்கவில்லை. அதன் நகை மடனால் வருவது: ஒவ்வொரு முறையும் தடுக்கப்பட்டும், திருடும் எண்ணத்தை விடாமையால் வருவது.

அத்தொடரின் அமைப்பில் இன்னொரு கூறும் உண்டு. நரி வரும்போது அதனைத் தடுக்கும் சொல்லை, பார்க்கும் குழந்தையே மும்முறை உரக்கக் கூற வேண்டும் என்று டோரா திரையினின்று வேண்டுவாள்; கூறுவதற்கு இடைவெளியும் விடப்படும். மொழிமாற்றுக் குரல் அவ்விடத்தில் ஓய்கிறது. வாழவந்தி நாட்டில் அவ்விடைவெளியை நிரப்பிய குரல்களை யான் கேட்டிருக்கிறேன். திருடக்கூடாது என்று தொலைக்காட்சி சொல்லிக்கொடுத்த பொதுப்பேச்சில் முதன்முறை கூறினர். நரி அடங்கவில்லை எனக் கண்டு, மூன்றாம் முறை, சாமைக் கதிரில் வாய்வைக்க வரும் விலங்கைத் தம் வீட்டார் விரட்டும் சொல்லாலேயே அதனை விரட்டினர்.